வீட்டு வரைபடமும் குடும்பப் படமும் நம் கையில்!

மாதச் சந்தா கட்ட வேண்டாம். திருட்டு சிடி தேட வேண்டாம். கட்டப்போகும் வீட்டை நாமே வரைந்து பார்க்கலாம், மங்கிப்போன தாத்தா படத்தை நாமே மீட்கலாம், குடும்ப ஆல்பத்தை நாமே கோக்கலாம். பாலசமுத்திரம் போன்ற ஊர்களுக்கு இது எப்படிச் சாத்தியம்?

பழனிக்குத் தென்மேற்கே, மலையடிவாரத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் பேரூராட்சி பாலசமுத்திரம். பாலாறு-பொருந்தலாறு அணை பக்கத்திலேயே இருக்கிறது. கல்யாண ஜவுளியானாலும், கம்பி சிமென்ட்டானாலும், போட்டோ பிரின்ட்டானாலும் பழனி டவுனுக்கு ஒரு நடை போய் வருவதுதான் வழக்கம்.

இப்படிப்பட்ட ஊர்களில் ஒரு வீடு எப்படி உருவாகிறது? மேஸ்திரி மனையில் நின்று சுண்ணாம்புத் தூளால் கோடு போடுகிறார். ஹால் இது, அடுப்படி இது, ஈசானியத்தில் தண்ணீர்த் தொட்டி. வீட்டுப் பெரியவர் தலையாட்டுகிறார். அந்த அடுப்படியில் காலையும் மாலையும் நிற்கப்போகும் பெண்ணுக்கு அதன் அளவு தெரியவருவது, பெரும்பாலும் சுவர் இடுப்பளவு எழும்பிய பிறகுதான். அப்போது ஜன்னலைத் தள்ளி வைக்கச் சொன்னால் கூடுதல் செலவு. சொல்லாமல் விட்டால் முப்பது வருட அவஸ்தை.

அதே வீட்டு பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் ஒரு பழைய ஆல்பம் கிடக்கும். 1980களில் எடுத்த கல்யாணப் படங்கள் செம்பழுப்பாகியிருக்கும். ஓரங்களில் பூஞ்சை பூத்திருக்கும். இன்னொரு பக்கம், மகளின் காதுகுத்துப் படங்கள் ஆயிரக்கணக்கில் போனில் கிடக்கும். அச்சில் ஒன்றுகூட இருக்காது.

வீட்டை வரைந்து பார்ப்பது, படத்தைத் திருத்துவது, படங்களைக் கோத்து நினைவுத் தொகுப்பு செய்வது ஆகிய மூன்று வேலைக்கும் தரமான மென்பொருள்கள் இன்று செலவில்லாமல் கிடைக்கின்றன. சட்டப்படியே கிடைக்கின்றன. நம் ஊர்களில் குறைவது, பக்கத்தில் உட்கார்ந்து அவற்றைச் சொல்லித்தரும் ஆள்தான்.

திருட்டு சிடியும் மாதச் சந்தாவும்

போட்டோஷாப் முதன்முதலில் 1990இல் வெளிவந்தது. 2002இல் வந்த போட்டோஷாப் 7 தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களில் குடியேறியது. அச்சகங்களிலும் பிளெக்ஸ் கடைகளிலும் கோரல்டிராவும் பேஜ்மேக்கரும் வந்து அமர்ந்தன. சின்ன ஊர்க் கடைகளில் புழங்கியவற்றில் பல, பூட்டை உடைத்த நகல்கள்தான். ஒரு ஸ்டுடியோக்காரரின் வருமானத்துக்கும் அந்த மென்பொருள்களின் விலைக்கும் எட்டாத தூரம் இருந்ததே காரணம். நகலோடு சேர்ந்து வைரஸும் வந்தது. மொத்த கல்யாண சீசன் படங்களையும் ஒரே நாளில் பறிகொடுக்கும் ஆபத்தும் வந்தது.

2013 மே மாதம் அடோபி தன் வழியை மாற்றிக்கொண்டது. ஒருமுறை விலை கொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் முறை முடிந்தது. புதிய பதிப்புகள் இனிச் சந்தாவில்தான் என்று அறிவித்தது. தினமும் அதில் வேலை பார்த்துச் சம்பாதிக்கும் நிறுவனங்களுக்கு அது கட்டுப்படியாகலாம். வருடத்துக்கு ஒரு ஆல்பம் செய்ய நினைக்கும் குடும்பத்துக்கும், ஆஃப் சீசனில் வேலையில்லாத ஸ்டுடியோவுக்கும் மாதாமாதம் வாடகை கட்டுவது எப்படி முடியும்?

பொதுச்சொத்தான கருவிகள்

1995இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் இருவரும் படம் திருத்தும் மென்பொருள் ஒன்றை எழுதத் தொடங்கினார்கள். அதுதான் கிம்ப். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற பொது உரிமத்தில் அதை வெளியிட்டார்கள். முப்பது வருடமாகத் தன்னார்வலர்கள் அதைக் கட்டிக்காத்து வருகிறார்கள். 2025 மார்ச்சில் அதன் 3.0 பதிப்பு வந்தது. செய்த திருத்தத்தைப் பின்னால் எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளும் வசதி அதில் சேர்ந்திருக்கிறது.

பிளெண்டரின் கதை இன்னும் உற்சாகமானது. முப்பரிமாண உருவங்கள் செய்யும் அந்த மென்பொருளை உருவாக்கிய நிறுவனம் மூடப்பட்டபோது, மென்பொருளை எழுதிய டான் ரோசெண்டால் 2002இல் பொதுமக்களிடம் கையேந்தினார். ஏழே வாரத்தில் 1,00,000 யூரோ சேர்ந்தது. மென்பொருள் மீட்கப்பட்டுப் பொதுச்சொத்தானது. அதே பிளெண்டரில் செய்த லாட்வியா நாட்டுப் படமான ‘ஃப்ளோ’, 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வென்றது.

இந்தக் கருவிகளுக்கான கதவு தமிழ்நாட்டில் எப்போதோ திறந்துவிட்டது. 2011இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், தொடக்க ஆண்டுகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. சென்னை சி-டாக் உருவாக்கிய கட்டற்ற இயங்குதளம் அது. ஆனால், அதில் என்ன இருக்கிறது, அதைக் கொண்டு என்ன செய்யலாம் என்று மாணவர்களுக்குக் காட்ட ஆள் போதவில்லை. 2025-26 பட்ஜெட்டில் கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு மீண்டும் மடிக்கணினி என்று அரசு அறிவித்தது. இந்த முறையாவது கருவியோடு கற்பித்தலும் சேர வேண்டும்.

வீடு: கட்டுவதற்கு முன்பே ஒரு நடை

பிரான்ஸைச் சேர்ந்த இமானுவேல் புய்பரே உருவாக்கிய மென்பொருள் ஸ்வீட் ஹோம் த்ரீ டி. வீட்டின் தரைப்படத்தை ஒரு பக்கம் வரைய வரைய, மறுபக்கம் வீடு முப்பரிமாணத்தில் எழும்புகிறது. பழைய கணினியிலும் ஓடும். அளவை அடி, அங்குலத்தில் வைத்துக்கொள்ளலாம்.

முப்பதுக்கு நாற்பது மனை ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1,200 சதுர அடி, நம் கணக்கில் இரண்டே முக்கால் சென்ட். மேஸ்திரி தாளில் போட்டுக் கொடுத்த படத்தைப் போனில் படமெடுத்து மென்பொருளுக்குள் போட்டு, ஒரு சுவரின் நீளத்தை மட்டும் சொன்னால் போதும், மற்ற அளவுகள் பொருந்திக்கொள்ளும். அதன்மேல் சுவர்களை வரையலாம். வெளிச்சுவருக்கு 9 அங்குலம், உள்சுவருக்கு நாலரை என்று தடிமன் கொடுக்கலாம். கதவையும் ஜன்னலையும் இழுத்துச் சுவரில் வைத்தால் தானே திறப்பு விழும்.

முதலில் மாட்டுவது மாடிப்படி. தரைக்கும் மாடித் தளத்துக்கும் பத்தரை அடி உயரம் என்று வைப்போம். ஒரு படி 7 அங்குல உயரம் என்றால் 18 ஏற்றம் வேண்டும். அதற்கு 17 மிதிப்படிகள். ஒவ்வொன்றும் 10 அங்குல அகலம் என்றால், நேராக ஏறும் படிக்கட்டு 14 அடி நீளத்தை விழுங்கிவிடும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்குச் சொல்லும் குறைந்தபட்ச மிதியகலமே 10 அங்குலம்தான். தாளில் ஒரு சின்னக் கட்டமாகத் தெரிந்த படி, அளவோடு வைத்தவுடன் ஹாலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் திருப்பம் வைத்து மடித்துக் கட்டுவதா, வெளியே தள்ளுவதா என்று அப்போதே முடிவெடுக்கலாம். கான்கிரீட் போட்ட பிறகு எடுக்க முடியாத முடிவு அது.

அடுத்தது, வீட்டுக்குள் நடந்து பார்ப்பது. நடப்பவரின் கண் உயரத்தை நாமே குறிக்கலாம். ஐந்தடி உயரப் பெண் என்றால் கண் மட்டம் ஏறத்தாழ 4 அடி 8 அங்குலம். அந்த உயரத்தில் அடுப்படிக்குள் நின்றால், மேடை எவ்வளவு உயரம், அலமாரியின் மேல்தட்டு கைக்கு எட்டுமா, அடுப்பில் நிற்கும்போது வாசல் கண்ணில் படுமா, எல்லாம் தெரிந்துவிடும். இந்த வேலையை அந்த வீட்டுப் பெண்ணே உட்கார்ந்து செய்ய வேண்டும் என்பது என் ஆசை. மேஸ்திரியிடம் வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாததைப் படமாகக் காட்டும்போது பேச்சு வேறு மாதிரி நடக்கும்.

வெயிலையும் பார்க்கலாம். ஊர் எந்த அட்சரேகையில் இருக்கிறது என்று குறித்து, நாளும் நேரமும் கொடுத்தால், அப்போது வெயில் எந்த ஜன்னல் வழியாக எவ்வளவு தூரம் உள்ளே விழும் என்று படமாக்கித் தரும். பழனி வட்டாரம் 10.4 டிகிரி வடக்கில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்தில் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன்பின் ஆவணி வரை உச்சிவெயில் வடக்குச் சரிவில்தான் இருக்கும். வடக்கு ஜன்னலில் வெயிலே வராது என்று நம்பித் தடுப்பில்லாமல் விடுகிறவர்கள், வைகாசி வெயிலைத் திரையில் பார்த்துவிட்டு சன்ஷேடின் நீட்டத்தை முடிவு செய்யலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. அஸ்திவாரம், பீம், கம்பிக் கணக்கு எதையும் இந்த மென்பொருள் சொல்லாது. 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியும் கட்டுவோருக்குச் சுயசான்று முறையில் உடனடி அனுமதி தரும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. அனுமதி எளிதாகியிருப்பதால் கட்டடத்தின் உறுதியை இன்ஜினியரிடம் ஒப்படைக்கும் பொறுப்பு நம்மிடம் இன்னும் கூடுதலாகவே இருக்கிறது. வீட்டின் ஆசையை நாம் வரைவோம், வலுவை அவர் வரையட்டும்.

படம்: முகம் மாறாமல் மீட்பது

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், ஸோயி ஹெட்லி என்ற மானுடவியலாளர் தலைமையில் தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடிச் சேர்த்து டிஜிட்டலாக்கும் பணி நடந்தது. பிரிட்டிஷ் நூலகத்தின், அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான திட்டம் அதற்குத் துணைநின்றது. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1980கள் வரை, வரைந்த திரைக்கு முன்னால் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருக்கும் நம் முன்னோர்களின் படங்கள் எவ்வளவு பெரிய ஆவணம் என்பதை அந்தப் பணி உணர்த்தியது. நம் வீட்டு பீரோவில் இருப்பதும் அதே வகை ஆவணம்தான். அதை மீட்க ஆய்வாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றரைக்கு ஐந்து அங்குலப் படம் ஒன்றை 600 டிபிஐ அளவில் ஸ்கேன் செய்தால் 2,100க்கு 3,000 புள்ளிகள் கிடைக்கும். அச்சுத் தரத்தில் பத்து அங்குல உயரத்துக்குப் பெரிதாக்க அது போதும். ஸ்கேன் செய்த அசலைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு, நகலை கிம்பில் திறக்க வேண்டும்.

1980களின் கலர் படங்கள் ஏன் சிவந்து போகின்றன? அவற்றில் இருக்கும் மூன்று சாயங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறுவதுதான் பெரும்பாலான படங்களில் காரணம். எஞ்சியது சிவப்பாகத் தெரிகிறது. கிம்பில் கலர்ஸ் பட்டியலில் லெவல்ஸைத் திறந்து, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகச் சரிசெய்தால், மணப்பெண்ணின் புடவை தன் பழைய நிறத்துக்குத் திரும்புவது கண்ணெதிரே நடக்கும். அடுத்து ஹீல் கருவி. கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி பழுதில்லாத இடத்தைத் தொட்டு, பிறகு கீறலின்மேல் மெதுவாகத் தேய்க்க வேண்டும். பின்னணித் திரையில் பழகிக்கொண்டு, சட்டைக்கு வந்து, முகத்துக்குக் கடைசியில் போவது நல்லது.

நேரம் பிடிக்கிற வேலைதான். ஒரே தட்டில் பழைய படத்தைப் புதிதாக்கித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இருக்கும்போது இத்தனை மெனக்கெடல் எதற்கு என்று கேட்கலாம். அந்தச் செயலிகள் மங்கிய முகத்தை மீட்பதில்லை. லட்சக்கணக்கான வேறு முகங்களில் கற்றதை வைத்து ஒரு முகத்தை ஊகித்து ஒட்டுகின்றன. பளபளவென்று இருக்கும். ஆனால் பாட்டியின் கன்னத்து மச்சம் போயிருக்கும், மூக்குத்தி இடம் மாறியிருக்கும், பார்வை யாருடையதாகவோ ஆகியிருக்கும். படத்திறப்புக்கு வைத்த படத்தைப் பார்த்து உறவுக்காரர்கள் இது யார் என்று கேட்கும் நிலை வரக் கூடாது. கீறலை எடுப்போம், கறையை எடுப்போம், முகத்தை விட்டுவைப்போம்.

ஆல்பம்: பெயரோடு சேர்த்து

நம் வீடுகளில் ஸ்கிராப்புக் என்ற பெயர் புழங்கவில்லையே தவிர, பழக்கம் உண்டு. ஒரே கண்ணாடிச் சட்டத்துக்குள் பத்துப் பதினைந்து சின்னப் படங்களை அடுக்கி, நிலைக்கு மேலே சாய்த்து மாட்டியிருப்பார்களே, அதுதான். அதன் இன்றைய வடிவம்தான் ஸ்டுடியோக்கள் தரும் 12க்கு 36 அங்குல ஆல்பம். அச்சுத் தரத்தில் ஒரு ஷீட் 10,800க்கு 3,600 புள்ளிகள். இந்த அளவில் கிம்பில் ஒரு வெற்றுப் பக்கம் திறந்து, படங்களை அடுக்கி, கலர் லேபுக்கு அனுப்பலாம். ஸ்டுடியோக்களில் புழங்கும் பிஎஸ்டி டிசைன் கோப்புகளையும் கிம்ப் திறக்கும். பக்கம் பக்கமாக எழுத்தும் படமும் சேர்ந்த குடும்பப் புத்தகம் வேண்டுமென்றால் ஸ்கிரைபஸ்.

தமிழ் எழுத்து இங்கே பலரையும் தடுக்கி விழச் செய்திருக்கிறது. பழைய போட்டோஷாப்பில் யூனிகோடில் ‘பொங்கல்’ என்று அடித்தால், கொம்பும் காலும் பகரத்தை விட்டு விலகி உடைந்து நிற்கும். அதனால்தான் ஸ்டுடியோக்களும் அச்சகங்களும் பாமினி, வானவில் போன்ற தனிக் குறியீட்டு எழுத்துருக்களிலேயே தங்கிவிட்டன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அந்தக் கோப்பைத் திறந்தால் புரியாத குறிகள்தான் மிஞ்சும். கிம்ப், அழைப்பிதழும் லோகோவும் வரைய உதவும் இங்க்ஸ்கேப் இரண்டிலும் யூனிகோடு தமிழ் உடையாமல் வரும். நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, ஹிந்த் மதுரை, பவனம், கவிவனார் என்று கட்டற்ற உரிமத்தில் கிடைக்கும் எழுத்துருக்கள் நிறைய உண்டு. மீரா இனிமையைத் தந்தவர்கள் கேரளத்தின் சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழுவினர்.

ஆல்பத்தில் அலங்காரத்தைவிடப் பெயர் முக்கியம். அத்தை யார், அத்தைக்குப் பக்கத்தில் நிற்கும் பையன் யார், எந்த ஊர், எந்த வருடம் என்பதைச் சொல்லக்கூடியவர்கள் இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கிறார்கள். டிஜிகாம் என்ற மென்பொருளில் ஒவ்வொரு படத்துக்கும் பெயரும் குறிப்பும் எழுதினால், அதைப் படக்கோப்புக்குள்ளேயே பதித்து வைக்க முடியும். படம் எங்கே போனாலும் பெயரும் கூடவே போகும். இந்தப் பொங்கலுக்கு வீட்டுக்கு வரும் பேரப்பிள்ளைகள், பெரியவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டு அடிக்கட்டும்.

இலவசம் எல்லாம் ஒன்றல்ல

கேன்வா பலருக்கும் தெரியும். ஆஸ்திரேலியாவில் மெலனி பெர்கின்ஸ், பள்ளி ஆண்டு மலர்களை மாணவர்களே வடிவமைக்க ஒரு தளம் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்து 2013இல் வந்தது கேன்வா. போனிலேயே வேலை முடிகிறது. போட்டோபியாவை பிரவுசரிலேயே திறந்து போட்டோஷாப் போலப் பயன்படுத்தலாம். கட்டண மென்பொருளாக இருந்த அஃபினிட்டியை 2024இல் கேன்வா வாங்கியது. 2025 அக்டோபரில் அதை இலவசமாக்கியது. எல்லாமே நல்ல கருவிகள், தயங்காமல் பயன்படுத்தலாம்.

ஆனால் இவை உரிமையாளர் மனம் வைத்துத் தரும் இலவசங்கள். ஒரு காலத்தில் படங்களை அடுக்கவும் கொலாஜ் செய்யவும் எத்தனையோ பேர் நம்பியிருந்த பிகாசாவை கூகுள் 2016இல் கைவிட்டது. வீடு வரைய உதவிய ஸ்கெட்ச்அப்பை 2012இல் விற்றுவிட்டது. அதன் இலவச டெஸ்க்டாப் பதிப்பு 2017க்குப் பிறகு புதுப்பிக்கப்படவில்லை. பொது உரிமத்தில் வந்த கிம்பையும் ஸ்வீட் ஹோமையும் அப்படி யாரும் திரும்பப் பெற முடியாது. நம் கணினியில் நிறுவியது நம்மிடமே இருக்கும். பெண்கள், குழந்தைகள் படங்கள் வேறெவருடைய சர்வருக்கும் ஏறாது. இன்று பிறந்த குழந்தைக்கு முப்பது வயதாகும்போது திறக்க வேண்டிய ஆல்பத்துக்கு இந்த உறுதிதான் வேண்டும்.

எதற்கு எது?

வீடு வரைய: ஸ்வீட் ஹோம் த்ரீ டி. துல்லியமான தரைப்படத்துக்கு லிப்ரேகேட்.

படம் திருத்த: கிம்ப். பிரவுசரிலேயே செய்ய போட்டோபியா.

அழைப்பிதழ், பேனர், லோகோ: இங்க்ஸ்கேப். அவசரத்துக்குக் கேன்வா.

கையால் ஓவியம் வரைய: கிரிட்டா.

குடும்ப மலர், சிறு புத்தகம்: ஸ்கிரைபஸ்.

படங்களை அடுக்கிப் பெயர் எழுத: டிஜிகாம்.

எதை இறக்கினாலும் அந்தந்த மென்பொருளின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். முடித்த வேலையின் ஒரு நகலைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள்.

சொல்லித்தர யார் வருவார்?

மும்பை ஐஐடியில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தலைமையில் உருவான ஸ்போக்கன் டுடோரியல் திட்டம், கட்டற்ற மென்பொருள்களைச் சுமார் பத்துப் பத்து நிமிடக் காணொளிகளாகச் சொல்லித்தருகிறது. பாதித் திரையில் காணொளி, மீதிப் பாதியில் மென்பொருள் என்று வைத்துக்கொண்டு, பார்த்தபடியே செய்து பழக வேண்டும். கிம்ப், இங்க்ஸ்கேப், பிளெண்டர் மூன்றும் அதன் பாட வரிசையில் உண்டு. தமிழிலும் பாடங்கள் உண்டு. 2012 ஜனவரியில் த. சீனிவாசனும் நண்பர்களும் தொடங்கிய கணியம் இதழ், இப்படிப்பட்ட மென்பொருள்களைப் பற்றி எளிய தமிழில் எழுதி, யாரும் எடுத்துப் பகிரலாம் என்ற உரிமத்தில் தந்துவருகிறது.

பாடம் இருக்கிறது, கருவி இருக்கிறது. முதல் நாள் நிறுவித் தரவும், தடுக்கும் இடத்தில் கைகொடுக்கவும் ஊருக்குள் ஒருவர் வேண்டும். பழனி தேவஸ்தானம் நடத்தும் அருள்மிகு பழனியாண்டவர் கலை பண்பாட்டுக் கல்லூரி, மகளிர் கல்லூரி, பாலிடெக்னிக் எல்லாம் பாலசமுத்திரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ரோடு கூட்டும் மாணவர்கள், ஒரு முகாமை இதற்கு ஒதுக்கலாம். பாலிடெக்னிக் சிவில் மாணவர்கள் வீட்டு வரைபடம் சொல்லித்தரலாம். மற்ற மாணவர்கள் ஸ்கேனரோடு வந்து தெருத்தெருவாகப் பழைய படங்களை டிஜிட்டலாக்கித் தரலாம். நூலகக் கணினிகளில் கிம்பையும் ஸ்வீட் ஹோமையும் நிறுவி வைக்கலாம், அதற்கு நூலகத்துறை ஒரு பைசா செலவழிக்க வேண்டியதில்லை.

இதனால் ஸ்டுடியோக்காரர் பிழைப்பு கெடுமா? கெடாது. நல்ல ஒளியில் படமெடுப்பது, தரமாக அச்சிடுவது, கெட்டியாகப் பைண்டிங் செய்வது எல்லாம் அவர் கையில்தான் இருக்கும். வாடகை கட்டாத மென்பொருளுக்கு அவரும் மாறினால் மிச்சமாகும் பணம் அவருடையது. தேங்காய் விலை சரிந்தால் குடும்ப வருமானமே ஆடிப்போகும் வட்டாரத்தில், இப்படியொரு கைத்தொழிலை முதலீடின்றிக் கற்றுக்கொள்ளும் பெண்களுக்கு அழைப்பிதழ் வடிவமைப்பும் படத் திருத்தமும் வீட்டிலிருந்தே வருமானம் தரும்.

பாலசமுத்திரத்தில் இதை ஒரு தெருவில் தொடங்கினால் போதும். ஒரு மடிக்கணினி, கடன் வாங்கிய ஒரு ஸ்கேனர், சொல்லித்தர ஒரு மாணவர், சனிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம். கட்டப்போகும் ஒரு வீட்டின் வரைபடத்தையும், பெயர் எழுதாத ஓர் ஆல்பத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதி வையுங்கள். மக்கள் வருவார்கள்.